லிஸ் கார் ஏன் அந்த மசோதாவை எதிர்க்கிறார்? நகைச்சுவை மேடையிலிருந்து நாடாளுமன்ற வாசல் வரை

தீராத நோயில் இருப்பவர்கள் மருத்துவ உதவியுடன் உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதா, 2025 ஜூன் 20 அன்று பிரிட்டன் மக்களவையில் 314க்கு 291 என்ற கணக்கில் தேறியது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள். அது யாரும் எதிர்பார்த்ததுதான். பலருக்கும் புரியாமல் போனது, எதிர்ப்பின் முன்வரிசையில் லிஸ் கார் இருந்தது. அவர் நகைச்சுவைக் கலைஞர், விருது வாங்கிய நடிகை, சக்கர நாற்காலியில் இயங்குபவர். கடவுளின் பெயரைச் சொல்லி வாதிடுபவர் இல்லை. தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு வேண்டும் என்று காலமெல்லாம் பேசியவர். அப்படிப்பட்டவர், சாவைத் தீர்மானிக்கும் உரிமை என்று வரும்போது மட்டும் ஏன் மறுபக்கம் போய் நிற்கிறார்?

முரண்பாடு போலத் தெரிவதற்குக் காரணம், அவருடைய தொழிலையும் போராட்டத்தையும் நாம் தனித்தனியாகப் பார்ப்பதுதான். மேடையில் அவர் எதைக் கிண்டல் செய்தாரோ, அதையே மசோதாவிலும் பார்க்கிறார். அது என்னவென்று புரிய, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

## முதலில் மூன்று வேறுபாடுகள்

நம் செய்திகளில் இவை எல்லாமே ‘கருணைக் கொலை’ என்ற ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் மூன்றும் வேறு வேறு.

1. சிகிச்சையை நிறுத்துவது. மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை சுவாசம் போன்றவற்றை விலக்கிக்கொண்டு, இயற்கையாக மரணம் நிகழ விடுவது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு நிபந்தனைகளுடன் அனுமதி தந்தது. பிரிட்டனிலும் இது சட்டப்படியே நடக்கிறது. லிஸ் காரின் சண்டை இதோடு இல்லை.

2. மருத்துவ உதவியுடன் இறப்பது. மருத்துவர் மருந்துக்கு ஏற்பாடு செய்வார். கடைசிச் செயலை நோயாளியே செய்ய வேண்டும். பிரிட்டன் மசோதா பேசுவது இதைத்தான்.

3. மருத்துவரே நோயாளியின் வேண்டுகோளின்படி உயிரை முடித்துவைப்பது. நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா ஆகிய நாடுகளில் இதற்கு அனுமதி உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அதற்கு உதவுவது குற்றமாகவே நீடிக்கிறது. 14 ஆண்டு வரை சிறை. அதைத் தளர்த்தத்தான் தொழிற்கட்சி உறுப்பினர் கிம் லெட்பீட்டர் 2024 அக்டோபரில் தனிநபர் மசோதா (அரசு சார்பில் இல்லாமல் ஓர் உறுப்பினர் தாமாகக் கொண்டுவருவது) கொண்டுவந்தார். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும் மசோதா அது. வயது 18க்கு மேல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இறப்பு எதிர்பார்க்கப்பட வேண்டும். இரண்டு மருத்துவர்கள் சம்மதிக்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியின் ஒப்புதலும் தேவை என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, மூத்த சட்ட வல்லுநர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் மூவரும் கொண்ட குழு என்று மாற்றினார்கள்.

மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் இதில் விண்ணப்பிக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## படிக்கட்டு யாருடைய குறை?

1972-இல் பால் ஹன்ட் என்பவர் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். விடுதிகளில் அடைபட்டுக் கிடக்கும் உடல் ஊனமுற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்பதுதான் செய்தி. அதிலிருந்து பிறந்த சங்கம் 1976-இல் தன் அடிப்படைக் கொள்கையை வெளியிட்டது. உடலில் உள்ள குறைபாடு ஒன்று. அதன்மேல் சமூகம் சுமத்தும் முடக்கம் வேறொன்று. கால் நடக்காதது உடல் சம்பந்தப்பட்டது. நூலக வாசலில் சாய்தளம் இல்லாமல் படிக்கட்டு மட்டும் இருப்பது, கட்டியவர் செய்த முடிவு. 1983-இல் மைக் ஆலிவர் என்ற சமூகவியலாளர் இதற்கு ‘சமூக மாதிரி’ என்று பெயர் வைத்தார்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் பல பழக்கங்கள் தலைகீழாகிவிடும். மாற்றுத்திறனாளியைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுவது நல்ல குணமாக இருந்த நிலை போய், பிரச்சினையை அவர் உடம்பிலேயே பூட்டி வைக்கும் தந்திரமாகிவிடும்.

இந்த எண்ணத்திலிருந்துதான் மாற்றுத்திறனாளிகள் கலை இயக்கம் கிளம்பியது. 1986-இல் லண்டனில் அதற்கென்றே ஒரு மன்றம் தொடங்கினார்கள். மனவளத்துக்குக் கைவினை கற்றுக்கொடுப்பதோ, ‘இவ்வளவு குறை இருந்தும் எப்படிப் பாடுகிறார் பாருங்கள்’ என்று கைதட்ட வைப்பதோ அதன் வேலை இல்லை. சொந்த அனுபவத்தை, சொந்தக் கோபத்தோடு, தங்களைப் போன்றவர்களுக்கே முதலில் சொல்வது. பாடகர்கள் வந்தார்கள், கவிஞர்கள் வந்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பு மேடை எடுபட்டது.

அதற்குத் தீனி போட்டது ஐடிவி தொலைக்காட்சியின் ‘டெலிதான்’. மாற்றுத்திறனாளிகளைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்து நன்கொடை திரட்டும் நெடுநேர நிகழ்ச்சி அது. 1990-லும் 1992-லும் மாற்றுத்திறனாளிகள் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலை மறித்தார்கள். முன்னால் நின்ற பார்பரா லிசிக்கி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்பவர். ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் பாடகர். அவர்கள் அணிந்திருந்த பனியனில் இருந்த வாசகத்தை நாசூக்கில்லாமல் தமிழில் சொன்னால், ‘உங்கள் பரிதாபத்தின்மேல் மூத்திரம் போகிறோம்’. 1992க்குப் பிறகு டெலிதான் ஒளிபரப்பாகவில்லை.

அடுத்த ஆண்டே அந்த இருவரும் நேரடிப் போராட்ட அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஏற முடியாத பேருந்தின் முன்னால் போய்த் தங்களைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார்கள். போலீசுக்குத் தர்மசங்கடம்: கைது செய்யலாம், ஆனால் சக்கர நாற்காலியை ஏற்ற வேன் கிடையாது. எழுதிக் கொடுத்து நடிக்க வைத்தாலும் இப்படி ஒரு காட்சி அமையாது. பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1995-இல் வந்தது. போராட்டக்காரர்கள் கேட்டதைவிட அது பலவீனமானதுதான், ஆனாலும் வந்தது.

நகைச்சுவை அங்கே ஒரு வேலை பார்த்தது. பரிதாபப்படுகிறவருக்கும் பரிதாபத்துக்கு ஆளாகிறவருக்கும் இடையே மேல் கீழ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிரிப்பு அதைக் குலைத்துவிடும். உங்களைச் சிரிக்க வைத்த ஆளைப் பார்த்து அடுத்த நிமிடமே உச்சுக்கொட்டுவது கடினம்.

## லிஸ் காரின் பாதை

1972-இல் லிவர்பூலுக்கு அருகே பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே மூட்டுகளைப் பாதிக்கும் நோய். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வழக்கறிஞர் ஆகவில்லை, உரிமை இயக்கத்துக்கு வந்து, அங்கிருந்து மேடை ஏறினார். இந்த வரிசை முக்கியம். புகழ் பெற்ற பிறகு ஒரு ‘நல்ல காரியத்துக்கு’ முகம் கொடுத்தவர் அல்ல அவர்.

2005-இல் எடின்பரோ கலைவிழாவில் ‘அப்நார்மலி ஃபன்னி பீப்பிள்’ என்ற குழுவோடு வந்தார். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் காது கேளாதவர், ஒருவர் குள்ளமானவர். ஊனமில்லாத ஒரே ஒருவரையும் சேர்த்திருந்தார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. மற்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்படும் நாற்காலி அது. அதையே திருப்பிப் போட்டதுதான் வேடிக்கை. அந்தக் குழுவில் இருந்த பார்வையற்ற கலைஞர் கிறிஸ் மெக்காஸ்லண்ட், 2024-இல் பிபிசியின் நடனப் போட்டியில் வென்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார்.

பிறகு பிபிசியின் ‘அவுச்’ பாட்காஸ்ட். 2006 முதல் மாட் ஃப்ரேசருடன் சேர்ந்து நடத்தினார். தாய் கர்ப்ப காலத்தில் எடுத்த தாலிடோமைடு மருந்தால் குட்டையான கைகளோடு பிறந்தவர் ஃப்ரேசர். நிகழ்ச்சியில் ஒரு விளையாட்டு உண்டு: நேயர் ஒருவர் தொலைபேசியில் வருவார், அவருக்கு என்ன குறைபாடு என்று இருவரும் ஆம், இல்லை கேள்விகளாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ‘விலங்கா, தாவரமா, தாதுப்பொருளா’ என்று அங்கே பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கேலி செய்து இதற்கு ‘வெஜிடபிள், வெஜிடபிள் ஆர் வெஜிடபிள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியை ‘வெஜிடபிள்’ என்று குறிப்பிடும் கொடூரத்தை நேராகக் கையில் எடுத்துப் பந்தாடியது அந்தப் பெயர்.

விளையாட்டின் உள்குத்தையும் கவனியுங்கள். ‘உனக்கு என்ன ஆச்சு?’ என்று பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர் கேட்கும் கேள்வியைத்தான் மாற்றுத்திறனாளிகள் தினமும் சகிக்கிறார்கள். அதே கேள்வியை மாற்றுத்திறனாளியே மாற்றுத்திறனாளியிடம், அதுவும் போட்டியாகக் கேட்டால் அதன் அபத்தம் தானாக வெளியே வந்துவிடும். என்னைக் கேட்டால், அவருடைய மற்ற எல்லா வேலைகளையும்விட இந்தச் சின்ன விளையாட்டில்தான் அவருடைய முறை துலக்கமாகத் தெரிகிறது: உபதேசம் இல்லை, எதிராளியின் கேள்வியையே எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டுவது.

2013 முதல் 2020 வரை பிபிசியின் தடயவியல் தொடரான ‘சைலன்ட் விட்னஸ்’-இல் கிளாரிசா என்ற நிபுணராக நடித்தார். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு, சக்கர நாற்காலி கதையின் மையம் இல்லை. பெரும்பாலானோர் அவரை அறிந்தது இதில்தான்.

2021-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகத்தில் டாக்டர் எம்மா புரூக்னராக வந்தார். நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய நாட்களைப் பற்றிய நாடகம் அது. எம்மா பாத்திரத்துக்கு அடிப்படை, லிண்டா லாபன்ஸ்டைன் என்ற உண்மையான மருத்துவர். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்தவர். 2011 பிராட்வே தயாரிப்பிலும் 2014 தொலைக்காட்சிப் படத்திலும் அந்தப் பாத்திரத்தை ஏற்றவர்கள் நடக்கக்கூடிய நடிகைகள்: எல்லன் பார்கின், ஜூலியா ராபர்ட்ஸ். பார்கினுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் கிடைத்தது. லிஸ் காருக்கு 2022-இல் சிறந்த துணை நடிகைக்கான, லண்டன் நாடக உலகின் ஒலிவியர் விருது கிடைத்தது. மாற்றுத்திறனாளிப் பாத்திரத்தை மற்றவர் நடித்துப் பரிசு வாங்கும் வழக்கம் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதற்கு இந்த ஒரு பாத்திரத்தின் வரலாறே போதும்.

## ‘உன் நிலை வந்தால் நான் செத்தே போயிடுவேன்’

இந்தத் தொழில் வாழ்க்கைக்கு இணையாக இன்னொரு சரடு ஓடுகிறது. 2013-இல் பிபிசி உலக சேவைக்காக, மருத்துவ உதவியுடன் இறப்பதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளுக்குப் போய் வானொலி நிகழ்ச்சி செய்தார். 2016-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், அந்தப் பொருளிலேயே ஓர் இசை நாடகம் போட்டார். பாதி உரை, பாதி பாட்டும் கூத்தும். உயிர் போகும் விஷயத்தைப் பளபளப்பான பாட்டாகப் போடலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் ‘தேர்வு’, ‘கண்ணியம்’ என்ற சொற்களே விளம்பரப் பாடல் போல ஓயாமல் ஒலிக்கின்றன என்பதுதான் அவர் வாதம். அதற்குப் பாட்டு பொருத்தமான வடிவம்தான்.

2024 மே மாதம் பிபிசியில் அவருடைய ஆவணப்படம் வந்தது. அதன் தலைப்பு, ‘செத்துப்போவதே மேலா?’ என்ற கேள்வி. முகம் தெரியாதவர்கள் அவரிடம் இயல்பாகச் சொல்லும் வார்த்தை அது: உன் நிலையில் நான் இருந்தால் உயிரோடு இருக்க மாட்டேன். சொல்பவர் திட்டவில்லை, அனுதாபமாகத்தான் சொல்கிறார். அனுதாபத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்த மதிப்பீட்டைத்தான் அவர் இருபது ஆண்டு மேடையில் பந்தாடினார். அதே மதிப்பீடு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சட்டப் புத்தகத்தோடு வந்தால் என்ன ஆகும் என்பது அவர் பயம்.

வெறும் கற்பனைப் பயமா அது? ஜேன் கேம்பல் சொன்னதைக் கேளுங்கள். பிறவியிலேயே தசைத் தளர்ச்சி நோய் கொண்டவர். பிறகு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையின் உறுப்பினரானவர். 2003-இல் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். மூச்சு நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம் என்றுதான் நினைப்பீர்கள், இல்லையா என்று அங்கே மருத்துவர் கேட்டார். அவர் கணவர் வீட்டுக்கு ஓடிப்போய், மனைவி பட்டமளிப்பு அங்கியில் இருக்கும் படத்தை எடுத்துவந்து காட்ட வேண்டியிருந்தது. தூங்கினால் விழிக்க விடமாட்டார்களோ என்ற பயத்தில் ஜேன் கண் மூடாமல் கிடந்தார்.

மருத்துவ உதவியுடன் இறப்பதை எதிர்க்கும் ‘நாட் டெட் யெட்’ (‘இன்னும் சாகலை’) அமைப்பை 2006-இல் பிரிட்டனில் தொடங்கியவர் இவரே. லிஸ் கார் அதில் முக்கியக் குரல். பெயர் அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய மூல அமைப்பிடமிருந்து வந்தது. அவர்களுக்கோ அது ‘மான்ட்டி பைதன்’ நகைச்சுவைப் படத்திலிருந்து கிடைத்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பிண வண்டி தெருவில் வருகிறது. ஒரு கிழவரைத் தோளில் போட்டுக் கொண்டுவருகிறார் ஒருவர். ‘நான் இன்னும் சாகலை’ என்கிறார் கிழவர். ‘சீக்கிரம் போயிடுவாரு’ என்று வண்டிக்காரனிடம் பேரம் நடக்கிறது. இயக்கத்தின் வாதம் முழுவதும் அந்தச் சில நிமிடக் காட்சிக்குள் இருக்கிறது.

வாதத்தைப் பிரித்துப் பார்த்தால்:

1. தேர்வு என்றால் இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் உதவியாளரோடு தனியாக வாழ வழிசெய்த ‘சுதந்திர வாழ்வு நிதி’ பிரிட்டனில் 1988-இல் தொடங்கி, 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. வாழ உதவி கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும், சாக உதவி மட்டும் தடையில்லாமல் கிடைக்கும் என்றால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. 2025-இல் இது கண்ணெதிரே நடந்தது. ஜூன் 20 மசோதா தேறியது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையை இறுக்கும் அரசின் திட்டம் அதே அவைக்கு வந்தது. சொந்தக் கட்சியினரே கலகம் செய்ததால், வாக்கெடுப்புக்குச் சற்று முன்புதான் அரசு அந்தப் பகுதியைக் கைவிட்டது.

2. மரணத்தை நாடுவதற்கான காரணம் பெரும்பாலும் வலி இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஆண்டறிக்கைகளில் முதலில் வரும் காரணங்கள்: சுயமாக இயங்க முடியாமல் போவது, பிடித்ததைச் செய்ய முடியாமல் போவது, கண்ணியம் இழப்பது. வலி அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. குடும்பத்துக்குப் பாரம் என்ற காரணமும் கணிசமானது. குளிக்க, உடுத்த, கழிப்பறை போக அடுத்தவர் உதவி தேவைப்படுவதைக் கண்ணியக் குறைவு என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், தினமும் அப்படியே வாழ்பவர்களைப் பற்றி என்ன சொல்கிறது?

3. எல்லைக் கோடு நகரும். கனடா 2016-இல் இறப்பு நெருங்கியவர்களுக்கு என்று தொடங்கியது. 2021-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 2023-இல் இந்த முறையில் இறந்தவர்கள் 15,343 பேர். நாட்டின் மொத்த இறப்புகளில் 4.7 சதவீதம்.

## வாதம் எங்கே இடறுகிறது?

மூன்றாவது புள்ளியை அப்படியே விழுங்கிவிட முடியாது. கனடாவின் 15,343 பேரில் இறப்பு நெருங்காதவர்கள் 622 பேர்தான். அங்கே எல்லை விரிந்ததற்கு நீதிமன்றத் தீர்ப்புகள் காரணம். அந்நாட்டு உரிமைச் சாசனம் நாடாளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாததாக்கும் வலிமை கொண்டது. பிரிட்டன் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஒரிகனில் ஆறு மாத வரம்பு இன்றுவரை மாறவில்லை. ஆக, கோடு நகரலாம். நகர்ந்தே தீரும் என்று இல்லை.

அடுத்து, மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. டிஸெபிலிட்டி ரைட்ஸ் யுகே போன்ற அமைப்புகள் மசோதாவை எதிர்த்தன. ஆனால் தனிமனிதர்களாகப் பார்த்தால் ஆதரிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ‘எனக்காக எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்த வாழ்க்கையில் இதையாவது நான் தீர்மானிக்கிறேன்’ என்று அவர்களும் சமூக மாதிரியின் மொழியில்தான் பேசுகிறார்கள். எலும்பில் பரவிய புற்றுநோயோடு கடைசி வாரங்களில் இருப்பவரிடம், பரிதாபத்தின் அரசியலைப் பற்றிப் பேசுவது எடுபடாது. அந்த வலிக்குச் சாய்தளம் கட்டித் தீர்வு காண முடியாது. லிஸ் காரின் பதில், வலி தணிப்பு மருத்துவத்தை முதலில் சரிசெய்யுங்கள் என்பது. பிரிட்டனில் அந்தச் சேவை பெரிதும் நன்கொடையில் ஓடுவது உண்மை. ஆனால் அது சரியாகும்வரை காத்திருக்க, ஆறு மாதம் மட்டுமே மிச்சமுள்ளவரால் முடியாது.

முதல் வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. ஆறு மாதக் கணிப்பு நோயை மட்டும் பொறுத்தது அல்ல, கிடைக்கும் கவனிப்பையும் பொறுத்தது. சுவாசக் கருவியோடும் நல்ல உதவியாளர்களோடும் பல ஆண்டுகள் வாழும் ஒருவர், அவற்றை நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவார். ‘மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக மட்டும் முடியாது’ என்ற பாதுகாப்பு அந்த இடத்தில் மெலிந்துபோகிறது.

## அடுத்த செய்தி வரும்போது கவனிக்க

மசோதா 2025 செப்டம்பரில் பிரபுக்கள் அவையின் விவாதத்துக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் குவிந்தன. தனிநபர் மசோதா என்பதால் அதற்கென்று ஒதுக்கிய நேரம் குறைவு. இப்படிப்பட்ட மசோதா கூட்டத்தொடர் முடிவதற்குள் தேறாவிட்டால் காலாவதியாகிவிடும். ஆகவே, இந்த மசோதாவானாலும் நாளை வேறு பெயரில் வரும் ஒன்றானாலும், வாக்கு எண்ணிக்கையைவிட உட்பிரிவுகளைப் பார்ப்பது பயன் தரும்.

1. மருத்துவரே பேச்சை எடுக்கலாமா, நோயாளி கேட்ட பிறகுதான் பேச வேண்டுமா? 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேச்செடுக்கக் கூடாது என்று மக்களவை திருத்தியது. பெரியவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஜேன் கேம்பலின் மருத்துவமனை அனுபவத்தைப் படித்தவர்களுக்கு இது ஏன் உறுத்துகிறது என்று விளக்கத் தேவையில்லை.

2. ‘பாரமாக இருக்கிறேன்’ என்று சொல்பவரை அந்த மூவர் குழு எப்படி விசாரிக்கும்? நிர்ப்பந்தம் என்றால் யாரோ ஒருவர் வற்புறுத்த வேண்டும் என்று சட்டம் நினைக்கிறது. உதவித்தொகை மறுக்கப்பட்டதால் வரும் நிர்ப்பந்தத்துக்கு யாருடைய பெயரும் இருக்காது.

3. மருத்துவ உதவியுடன் இறப்பதற்கான சேவைக்கு அரசு மருத்துவத் துறை பணம் ஒதுக்கும் அதே நேரத்தில், வலி தணிப்பு இல்லங்களுக்கு என்ன ஒதுக்குகிறது?